அனுமதிப் புத்தகத்தில் இல்லாத சைரன்

காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், ஐயா. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இரண்டு இட்லி, ஒரு வடை. வடை கொஞ்சம் எண்ணெய் குடித்திருந்தது. அதனால்தான் அடிக்கடி தண்ணீர் கேட்கிறேன், பயத்தால் அல்ல. நான் நடந்துகொண்டே பேசினால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. இந்த ஜன்னலிலிருந்து அந்த பீரோ வரை ஒன்பது அடி இருக்கும். அது போதும்.

பெயர் மணவாளன். வயது முப்பத்தெட்டு. குடிகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரசாயன ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. இந்த விசாரணை அலுவலகத்துக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். இதைத் தயவுசெய்து முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் பதினாலாம் தேதி மத்தியானம் எங்கள் ஆலையிலிருந்து குளோரின் கசிந்தபோது, ஊருக்குள் இருக்கும் சைரன் பதினான்கு நிமிஷம் கழித்துத்தான் அடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பதினான்கு நிமிஷம் எங்கே போனது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். அது என்னிடம்தான் இருந்தது.

இதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கஷ்டமான விஷயமில்லை.

எங்கள் வேலி ஓரத்தில் மூன்று இடங்களில் வாயு அளக்கும் மீட்டர்கள் இருக்கின்றன. அவை என் அறையில் உள்ள ஒரு சர்வருக்குச் சொல்லும். அளவு மீறினால், அதில் ஓடும் ஒரு புரோகிராம் சைரன் பெட்டியைத் தட்டும். ஆலைக்குள் ஒரு குழலும், குடிகாடு ரேஷன் கடை அருகில் கம்பத்தின் மேல் ஒரு குழலும் ஒரே நேரத்தில் அலறும். அலறினால் ஜனங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மெயின்ரோட்டுப் பக்கம் ஓட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

அந்த சர்வரில் எஸ்.இ.லினக்ஸ் என்று ஒரு காவல் உண்டு. எங்கள் ஆலையில் கேட் பாஸ் முறை இருக்கிறதல்லவா? நீல பாஸ்காரன் கிடங்குக்குள் போகலாம், டேங்க் பக்கம் போகக் கூடாது. மஞ்சள் பாஸ்காரன் கேன்டீன் வரைதான். அதே மாதிரிதான் இதுவும். சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பாஸ். அதில் சொருகியிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. எந்தப் பாஸ் எந்தச் சீட்டைத் தொடலாம் என்பதற்கு ஒரு புத்தகம். புத்தகத்தில் எழுதியிருந்தால் தொடலாம். எழுதவில்லை என்றால் தொட முடியாது. யார் சிபாரிசும் செல்லாது. ஒவ்வொரு மறுப்பையும் அது ஒரு வரியாகப் பதிவேட்டில் எழுதி வைக்கும். அந்தப் பதிவேட்டைப் படித்து, நியாயமானதற்கு அனுமதி எழுதிச் சேர்ப்பதுதான் என் வேலை. மௌஸ், படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். ஒரு புள்ளி தப்பினாலும் ஏற்றுக்கொள்ளாது.

உலகத்தில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை, ஐயா.

ஆலையில் அது யாருக்கும் பிடிக்கவில்லை. புதிதாக எதைச் சொருகினாலும் முதலில் மறுக்கும். எல்லோரும் என்னிடம் வந்து, அதைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள் என்பார்கள். ஒரு வரி தட்டினால் அணைந்துவிடும் என்பது உண்மைதான். மேனேஜர் ரஃபியுதீன் சார் மட்டும் தலையிட மாட்டார்.

"மணவாளன், எனக்கு இந்த சமாச்சாரம்லாம் புரியாது. ஆலை ஓடணும். தணிக்கைக்கு வர்றவன் வாயை மூடிக்கிட்டுப் போகணும். ரெண்டும் நடந்தா எனக்கு சந்தோஷம்" என்பார்.

நான் ஒரு படிவம் அடித்து வைத்தேன். என்ன சொருகப் போகிறாய், எந்தப் புரோகிராம் அதைத் தொட வேண்டும், காரணம் என்ன, கையெழுத்து. ஒரே பக்கம். இரண்டு நிமிஷ வேலை. எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள், ஒருவனைத் தவிர.

செம்பியனைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டேன். இறந்துவிட்டவன். மீட்டர்களும் சைரனும் அவன் பொறுப்பு. தேவனாம்பட்டினத்துக்காரன். சுனாமியில் அவன் அம்மாவும் தங்கையும் போய்விட்டார்கள். அன்றைக்குக் காலையில் யாராவது ஒரு சத்தம் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் மாடிக்கு ஏறியிருப்பார்கள் என்று அடிக்கடி சொல்வான். அதனால் சைரன் என்றால் அவனுக்குச் சாமி மாதிரி. லீவு நாளில் கூடக் குடிகாட்டுக்குப் போய்த் தெருத் தெருவாகச் சொல்லிக் கொடுப்பான். அந்த ஊரில் எப்போதும் ஏதாவது ஒரு நெடி வரும். ஒவ்வொரு நெடிக்கும் ஜனங்கள் பயந்து ஓடி, பிறகு சலித்துப்போய், எதற்குமே ஓடாமல் இருந்தார்கள். அவன்தான் அதை மாற்றினான். "நாத்தத்துக்கெல்லாம் ஓடாதீங்க. சைரனுக்கு ஓடுங்க. அது அடிச்சா பொய் சொல்லாது. அடிக்கலையா, கதவைச் சாத்திட்டு வேலையைப் பாருங்க" என்பான். ஊரே அதை மனப்பாடம் செய்திருந்தது.

நல்லவன்தான். ஆனால் எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது.

2009 அக்டோபரில் என் மாமனார் காரியத்துக்காக நான்கு நாள் லீவில் போனேன். திரும்பி வந்து பார்த்தால், காவல் அணைந்து கிடந்தது. ஏதோ ஒரு மீட்டர் பேசவில்லை என்று செம்பியன் மேனேஜரிடம் பாஸ்வேர்டு வாங்கி அணைத்திருக்கிறான். மீட்டர் சரியானதும் திரும்பப் போட மறந்துவிட்டான். இரண்டு நாள் அந்த சர்வர் கதவு திறந்த வீடாக நின்றிருக்கிறது.

"ஒண்ணும் ஆவலையே மச்சான். எவன் வந்து திருடிட்டுப் போனான் உன் மிஷினை?" என்றான்.

எனக்கு அவன் மச்சான் இல்லை. அவனுக்கு எல்லோரும் மச்சான்தான். காவலைத் திரும்பப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அறைக்குப் புதிய பூட்டு வாங்கினேன். மறுநாளிலிருந்து சுவரில் ஒரு காகிதத்தில் எண்ண ஆரம்பித்தேன். காவல் ஒரு விநாடி கூட அணையாமல் போன நாட்கள். ஒன்று, இரண்டு என்று. பெருமைக்காக இல்லை. ஒரு ஒழுங்குக்காக.

கேன்டீனில் அதையும் கேலி செய்தான்.

"மணவாளன் மச்சான் வூட்ல அவரு பொண்டாட்டி சோறு போடணும்னா இவரு ஃபார்ம் எழுதிக் குடுக்கணுமாம்டா. சாம்பாருக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு."

"மோருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மோரு நேத்தே ரிஜெக்ட் ஆயிடுச்சு."

இருபது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபக்காரன் என்பார்கள். எனக்குக் கோபமே வராது, ஐயா. நீங்கள் என் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம்.

போன டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது உங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் நிற்க வேண்டியது எதுவுமே நிற்கவில்லை. குடிகாட்டுக் கம்பமும் விழுந்தது. சைரன் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கருகிவிட்டது. கரன்ட் வந்து, புதுக் கம்பம் நட்டு, புதுப் பெட்டி வருவதற்கு ஜனவரி பத்தொன்பது ஆனது. வியாழக்கிழமை. அவன் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"பழைய பொட்டி செத்துப்போச்சு மச்சான். இது வேற மாதிரி சொருகுது. எங்க சொருகட்டும்?"

காட்டினேன். சொருகினான். என் அனுமதியோடு என் நாற்காலியில் உட்கார்ந்து, சைரனை அடிக்கும் ஒரு வரியைக் கையால் தட்டினான். ஆலை அதிர்ந்தது. அரை நிமிஷத்தில் அவன் செல்போனில் ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"கேக்குதாம் மச்சான். பசங்க கை தட்டறானுங்களாம்." அவன் கண் கலங்கிவிட்டது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஃபார்ம்?" என்றேன்.

"அதான் அடிக்குதே, அப்புறம் என்னாத்துக்கு ஃபார்ம்? உன்னோட ரொம்ப ஜாஸ்தி மச்சான்." என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அடித்தது அவன் கை. ஒரு மனிதன் உட்கார்ந்து கையால் தட்டும்போது அவனிடம் முதலாளியின் பாஸ் இருக்கிறது. எல்லாக் கதவும் திறக்கும். ஆனால் ஆபத்து வரும்போது அடிக்க வேண்டியது மனிதன் இல்லை, புரோகிராம். அதனிடம் அதன் பாஸ் மட்டும்தான். பழைய பெட்டியின் சீட்டு புத்தகத்தில் இருந்தது. புதுப் பெட்டி வேறு வகைச் சொருகல் என்பதால் அதன் சீட்டும் வேறு. அது புத்தகத்தில் இல்லை. அதாவது, கையால் அடித்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் சைரன் அடிக்கும். உண்மையாகவே தேவைப்படுகிற அன்று அடிக்காது.

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்குள் இது எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே சேர்த்திருப்பேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் வருவான் என்று நினைத்தேன். ஏனென்றால், அந்தப் புரோகிராம் மணிக்கு ஒரு தடவை சைரன் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும், இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் காவல் மறுத்தது. பதிவேட்டில் ஒரு வரி. ஒரு நாளைக்கு இருபத்துநாலு வரி. ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவர்கள், பெட்டி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுத மறந்துவிட்டார்கள். திரையில் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. செம்பியன் பச்சை விளக்கைப் பார்த்தான். நான் வரிகளைப் பார்த்தேன்.

அந்த வரிகள் என்னை நிம்மதியாக விடவில்லை. சாப்பிடும்போது மணி ஒன்றானால், இப்போது ஒரு வரி விழுந்திருக்கும் என்று தோன்றும். பஸ்ஸில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வருவேன். இரண்டு தடவை ஆலப்பாக்கத்திலும், ஒரு தடவை புதுச்சத்திரத்திலும் பாதி வழியில் இறங்கி, எதிர்பஸ் பிடித்து ஆலைக்குத் திரும்பிப் போனேன். அறையைத் திறந்து, வரிகளை எண்ணிவிட்டு, பூட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மாலதி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, அடுப்பை அணைச்சமான்னு பாக்க ஓடுற மாதிரி பாதி வழியில எறங்கி ஓடுறீங்களாமே? பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா அதே பஸ்ல வந்தாங்க. ஆபீஸ்ல யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்ல."

"அப்ப யாரைப் பாக்கப் போறீங்க?"

"ஒரு வேலை பாக்கி இருக்கு."

"முடிச்சுட வேண்டியதுதானே? எம்மாம் நேரம் ஆவும்?"

"அரை நிமிஷம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு என்ன தெரியும்? அரை நிமிஷ வேலைதான். ஆனால் அதை நானாகச் செய்தால், எழுதிக் கொடுக்காதவனுக்கும் காரியம் நடக்கும் என்று ஆகிவிடும். பிறகு எழுதிக் கொடுத்த மற்றவர்கள் எல்லோரும் முட்டாள்கள். அந்தப் புத்தகத்துக்கு என்ன மரியாதை?

பிப்ரவரி ஆறாம் தேதி இதற்கு ஒரு முடிவு கட்டினேன். எஸ்.இ.லினக்ஸில் இன்னொரு வகை விதி உண்டு. மறுத்துவிடு, ஆனால் மறுத்ததைப் பதிவேட்டில் எழுதாதே என்பது. பயனில்லாத மறுப்புகள் பதிவேட்டை அடைத்துக்கொள்ளக் கூடாது என்று உண்டாக்கியது. அதை எழுதி, சைரன் பெட்டிக்குப் போட்டேன். மணிக்கு ஒரு வரி நின்றது. பதிவேடு சுத்தமானது. அன்று பஸ்ஸில் நான் சிதம்பரம் வரை தூங்கினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், ஐயா. தேதி ஆறு. பிப்ரவரி.

இப்போது மார்ச் பதினாலு. புதன்கிழமை. சுவரில் எண்ணூற்று எழுபத்தொன்று என்று எழுதியிருந்தேன். மத்தியானம் இரண்டு முப்பத்தெட்டுக்குத் திரையில் மூன்று மீட்டரும் சிவப்பானது. முதலில் எண்ணைப் பார்த்தேன். பிறகு காது கொடுத்துக் கேட்டேன். சத்தமில்லை. எதிர்பார்த்ததுதான். இரண்டு முப்பத்தொன்பதுக்கு டேங்க் பக்கத்திலிருந்து இன்டர்காம் வந்தது.

"மச்சான், பைப் ஜாயின்ட் பிச்சுக்கிச்சு. மூணு மீட்டரும் செவப்பு. சைரன் எங்க?"

"புரோகிராம் கேட்டிருக்கு. அதுக்கு அனுமதி இல்ல."

"என்னாது?"

"ஜனவரியில பொட்டி மாத்தினப்ப நீ ஃபார்ம் குடுக்கல."

பின்னால் ஆட்கள் இருமுவது கேட்டது.

"மணவாளன் சார்" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. "ஃபார்ம் நூறு எழுதித் தர்றேன் சார். இப்ப அடிங்க. காத்து ஊருப் பக்கம் போவுது. உங்க கால்ல வுழறேன்."

"செஞ்சுகிட்டு இருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை.

போனைக் கூட வைக்காமல் அவன் ஓடிவிட்டான். கேட்டில் அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் முறைப்படி செய்தேன். அதுதான் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாத இடம். அனுமதி எழுத வேண்டுமென்றால் மறுப்பு வரி கையில் வேண்டும். அந்த வரி விழாதபடி நானே தடுத்து வைத்திருந்தேனே. ஆகவே முதலில் அந்த விதியை நீக்கினேன். புரோகிராம் மறுபடி தட்டும்வரை காத்திருந்தேன்; அளவு மீறியிருக்கும்போது அது சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டும். வரி விழுந்தது. அதைப் படித்தேன். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் அனுமதி எழுதினேன், கூடுதலாக ஒரு எழுத்து இல்லை. சோதித்தேன். முதல் தடவை ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. பதற்றத்தில் வருவது அது. திருத்தினேன். புத்தகத்தில் ஏற்றினேன். நடுவில் ஒரு படிவம் எடுத்து, செம்பியன் எழுத வேண்டியதை அவனுக்காக நானே நிரப்பினேன். இதோ, கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், பாருங்கள். இன்னொருவர் கையெழுத்தைப் போடுகிறவன் இல்லை நான்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு சைரன் அடித்தது.

அதற்குள் ஊரில் என்ன நடந்தது என்பதை நான் அடுத்தவர் சொல்லித்தான் கேட்டேன். நெடி வந்திருக்கிறது. ஜனங்கள் வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்திருக்கிறார்கள். "சைரன் அடிக்கல, ஒண்ணும் இல்ல, உள்ள வாங்க" என்று விருத்தாம்பாள் என்கிற அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையும் சமாதானப்படுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு மாவாட்டப் போய்விட்டார்கள். கொளஞ்சி என்பவர் ஆடுகளை வேலி ஓரமாகவே மேயவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. செம்பியன் சொல்லிக் கொடுத்தபடியே நடந்துகொண்டார்கள்.

அவன் பைக்கை ரேஷன் கடையில் போட்டுவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறான். மூக்கில் துணி கூட இல்லை. கூப்பிடுவதற்கு வாய் வேண்டுமே. நாற்பது வீட்டுக்கு மேல் தட்டினான் என்கிறார்கள். கடைசியில் விருத்தாம்பாளின் வாசலில் விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் பேசவில்லை. நான் இரண்டு தடவை போய் வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

அவன் மனைவி லோகநாயகி அவன் சாமான்களை வாங்கிப் போக ஆலைக்கு வந்தது. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஸ்குரூ டிரைவர் செட், ஒரு சட்டை. என் அறை வாசலில் நின்றது.

"அண்ணே, அவுரு உங்களைப் பத்திச் சொல்லுவாரு. கிண்டல் பண்ணுவேன், ஆனா அந்த மனுசன் இருக்கிற வரைக்கும் அந்த மிஷின்ல எவனும் கை வைக்க முடியாதுன்னு."

அவன் அப்படிச் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. ரொம்ப நல்ல வார்த்தை அது. அந்தப் பெண் போன பிறகு நான் அறைக்குள் வெகுநேரம் நடந்தேன்.

நீங்கள் இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். முறைப்படி செய்ததுதான் பதினான்கு நிமிஷம். வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. காவலை ஒரு வரியில் அணைத்திருக்கலாம். சுவரில் இருந்த எண் போயிருக்கும். அது கூட வேண்டாம். ஜனவரியில் செம்பியன் தட்டினானே, அதே வரியை நான் கையால் தட்டியிருந்தால் போதும். காவலும் அணைந்திருக்காது, எண்ணும் போயிருக்காது, இரண்டு முப்பத்தொன்பதுக்கே குடிகாட்டில் சைரன் அடித்திருக்கும். இது எனக்கு அப்புறம் தோன்றியதல்ல. இன்டர்காமில் அவன் என்னை சார் என்று கூப்பிட்டபோதே அந்த வரி திரையில் இருந்தது. நான்தான் தட்டி வைத்திருந்தேன். ஒரு பொத்தான் பாக்கி. விரல் அதன்மேலேயே இருந்தது.

அப்போது எனக்குக் கேன்டீன் ஞாபகம் வந்தது. நாளைக்கு அவன் என்ன சொல்வான்? பாத்தியாடா, ஃபார்ம் இல்லாமயே அடிக்குது, மணவாளன் சும்மா பூச்சாண்டி காட்டிக்கிட்டு இருந்திருக்கான் என்பான். இருபது பேர் சிரிப்பார்கள். நான் அந்த வரியை அழித்துவிட்டு, முறைப்படி ஆரம்பித்தேன்.

அதனால் நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். மூன்று பேரையும். மறுக்கவில்லை.

அன்று சாயந்திரமே புத்தகத்தை ஒழுங்காக்கிவிட்டேன். எழுதாதே என்ற விதியின் தடம் எங்கும் இல்லை. உங்கள் ஆட்கள் வந்து சோதித்தபோது சைரன் ஒவ்வொரு தடவையும் அடித்தது, கையாலும், தானாகவும். அவர்கள் குழம்பிப்போனார்கள். நான் பேசாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என் கையெழுத்தில் இருக்கும் இந்தக் குறிப்பேட்டில் மட்டும்தான் எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது. இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது வந்தேன் என்கிறீர்களா? போன திங்கட்கிழமை உங்கள் அறிக்கை வந்தது. அதில் ஐந்தாம் பக்கத்தில், பாதுகாப்பு மென்பொருளில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு. நான் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று மாலதியைக் கேளுங்கள். அது ஒரு விநாடி கூடத் தவறவில்லை, ஐயா. எழுதியிருந்ததை அனுமதித்தது, எழுதாததை மறுத்தது. அன்று அந்த ஆலையிலேயே தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். தண்டனை எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு நிமிஷம், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, நேற்று சாயந்திரம் நாலேகாலுக்கு ரஃபியுதீன் சார் யாரையோ வெளியிலிருந்து கூட்டி வந்து அந்தக் காவலை அணைத்துவிட்டார். நிரந்தரமாக. இரவெல்லாம் என்னால் படுக்க முடியவில்லை. நீங்கள் இப்போதே ஒரு போன் போட்டு அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அந்த சர்வர் திறந்து கிடக்கிறது, ஐயா. ஈவிரக்கமில்லாத எவனாவது ஒருத்தன் உள்ளே புகுந்து அந்தச் சைரனை அடிக்கவிடாமல் செய்துவிட்டால், குடிகாட்டு ஜனங்களின் கதி என்ன ஆகும்?